88 பேரின் வழி

பொத்தேரி

அன்புள்ள தம்பிக்கு,

பொத்தேரியில் பயின்று அயல்நாட்டுப் பணியில் அமர்ந்த நீ, படைக்குறைப்பு பற்றிய பன்னாட்டுச் சபையொன்றில் தலைவருக்குத் துணையாகச் செல்லவிருக்கிறாய் என்றறிந்து பேரானந்தம் அடைந்தேன். மூத்தவன் என்ற உரிமையில் ஒரு சரித்திரத்தை உனக்கு நினைவூட்டுகிறேன்.

கொரிய யுத்தம் 1953 ஜூலையில் ஓய்ந்தபோது, தாயகம் திரும்ப மறுத்த கைதிகள் ஐக்கிய நாடுகள் படையின் வசம் 22,604 பேரும், எதிர்த்தரப்பின் வசம் 359 பேரும் இருந்தனர். அவர்களுடைய விருப்பத்தை அறிவதற்கென்று அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்தில், ஸ்வீடனும் சுவிட்சர்லாந்தும் ஒருபுறமும், போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் மறுபுறமும் நிற்க, நடுவே தலைவராக வீற்றிருந்தவர் நம் ஜெனரல் திம்மய்யா. தம் நாட்டுப் பிரதிநிதிகளின் விளக்கத்தைக் கேட்கக் கைதிகள் வெளிவர மறுத்தபோது, பலாத்காரமாகவேனும் கொண்டுவர வேண்டுமென்று ஒரு சாராரும், கூடவே கூடாதென்று மறு சாராரும் வாதிட, ஐந்தாவது வாக்கும் காவற்படையும் இந்தியாவிடமே இருந்தும், கைதிமேல் பலம் பிரயோகிக்கலாகாது என்ற விதியை அவர் கைவிடவில்லை.

தம்பி, தலைமைப் பீடத்தின் தர்மம் இதுவே. தலைவனுக்குத் தன் தேசத்தின் அபிலாஷையைவிட, எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி பெரிது. சபையில் பேசுகிறவர்களைப் போலவே, சபைக்கு வர இயலாதவர்களும் அவன் பொறுப்பில் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்வேன். 1995-இல் நியூயார்க்கில் அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மாநாட்டுக்குத் தலைமை வகித்த இலங்கையின் ஜயந்த தனபால, காலவரையற்ற நீடிப்புக்குப் பெரும்பான்மை இருப்பதை அறிந்தும் வாக்கெடுப்பை நாடாமல், அதிருப்தியுற்ற நாடுகள் வேண்டிய உறுதிமொழிகளையும் உடன் சேர்த்து, வாக்கெடுப்பின்றியே தீர்மானங்களை நிறைவேற்றுவித்தார். நம் நாடு அவ்வொப்பந்தத்தில் சேரவில்லையெனினும், அவர் சபையை நடத்திய பாங்கு நாம் கற்கத்தக்கது. தோற்றவனுக்கு ஒப்பந்தத்தைக் காக்கும் மனம் இராது. ஆகையால் எவனையும் தோற்கடிக்காமல் முடிப்பதே தலைவனின் சாமர்த்தியம்.

கொரியாவில் இரு தரப்பையும் வேண்டாது, நடுநிலை நாட்டை நாடிய கைதிகள் 88 பேர். 1954 பிப்ரவரியில் நம் படையினருடன் கப்பலேறி அவர்கள் வந்திறங்கிய இடம் சென்னைத் துறைமுகம். அடுத்த விடுமுறையில் பொத்தேரியில் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கு. துறைமுகத்தின் முன் சற்று நின்று அவர்களை நினை. இரு தரப்பும் காட்டாத மூன்றாவது வழியைத் திறந்து வைக்கும் கடமை இனி உனக்கும் உண்டு.

ஆசிகளுடன்,
உன் அண்ணன்