பசையும் தூரிகையும் வேண்டாம்: பழைய பயணிகள் விமான மாடல்களைப் பூட்டிச் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

விமான மாடல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை நூற்றுக்கணக்கான சிறு பாகங்கள், பசை நெடி, காயாத பெயின்ட். அந்தத் தயக்கத்திலேயே ஆசையைத் தள்ளிப்போட்டவர்கள் நிறைய. அவர்களுக்கு எளிதான ஒரு வழி இருக்கிறது. சில பாகங்கள், வெறும் கை, கால் மணி நேரம். அதற்குள் மேசைமேல் ஒரு போயிங் 747 நின்றுவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு செலவாகும், எந்த வரிசையில் பூட்டுவது என்பதை ஆரம்பத்திலிருந்து சேர்ந்தே பார்த்துவிடுவோம்.

## ஸ்நாப் ஃபிட் என்றால் என்ன?

விமான மாடல்கள் பொதுவாக மூன்று வகை. முதல் வகை, நாமே ஒட்டி வண்ணம் பூச வேண்டிய பிளாஸ்டிக் கிட். ரெவல், ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்களுடையவை இந்த வகை. இரண்டாவது டைகாஸ்ட். உலோகத்தில் வார்த்து, முழுமையாக முடித்து வருவது. பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால் போதும். மூன்றாவதுதான் நம்முடைய ஸ்நாப் ஃபிட். ஹெர்பா, ஸ்கைமார்க்ஸ், ஹோகன் ஆகிய பெயர்களில் பரவலாகக் கிடைக்கிறது.

இதில் உடற்பகுதி, இறக்கைகள், வால் பகுதிகள், ஸ்டாண்ட் எல்லாம் தனித்தனியாக வரும். வண்ணம், ஜன்னல் வரிசை, விமான நிறுவனத்தின் பெயர் எல்லாம் தொழிற்சாலையிலேயே அச்சாகியிருக்கும். ஒரு பாகத்தில் முளை, இன்னொன்றில் அதற்கேற்ற துளை. செருகி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். விமான நிறுவனங்கள் விளம்பரத்துக்காகவும் பயணிகளுக்கு விற்பதற்காகவும் இப்படிப்பட்ட மாடல்களைச் செய்விக்கின்றன. அதனால்தான் நிறமும் சின்னமும் அசலோடு இவ்வளவு ஒத்துப்போகின்றன.

ஸ்நாப் ஃபிட்டில் டைகாஸ்ட் அளவுக்கு நுணுக்கம் இருக்காது. ஆனால் நம் கையால் பூட்டும் சந்தோஷம் டைகாஸ்டில் இல்லை. தொடங்குகிறவருக்கு நான் எப்போதும் ஸ்நாப் ஃபிட்டையே சொல்வேன்.

## முதலில் அளவு, பிறகுதான் விமானம்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தைப் பார்த்து மயங்கி வாங்குகிறார்கள், ஸ்கேலை, அதாவது மாடலுக்கும் அசலுக்குமான விகிதத்தை, பார்ப்பதில்லை. மூன்று மாடல் சேர்ந்த பிறகு அலமாரியைப் பார்த்தால், சின்ன டிசி-3 பெரிதாகவும் ஜம்போ ஜெட் சிறியதாகவும் நிற்கும். ஒரே ஸ்கேலில் சேர்த்தால் அந்தக் குழப்பமே இல்லை. விமானங்கள் எப்படிப் படிப்படியாக வளர்ந்தன என்பது அலமாரியிலேயே தெரியும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு ஏற்றது 1:200. ஸ்நாப் ஃபிட்டில் தேர்வு அதிகம் கிடைப்பதும் இதில்தான். கணக்கும் சுலபம்: அசல் விமானத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்துப் பாதியாக்கினால், மாடலின் நீளம் சென்டிமீட்டரில் வந்துவிடும்.

டிசி-3 ஏறத்தாழ 20 மீட்டர். மாடல் 10 சென்டிமீட்டர். போயிங் 707-320 ஏறத்தாழ 46.6 மீட்டர், மாடல் 23 சென்டிமீட்டர். கான்கார்ட் 61.7 மீட்டர், மாடல் 31 சென்டிமீட்டர், ஆனால் அதன் இறக்கை அகலம் வெறும் 13 சென்டிமீட்டர். போயிங் 747-200 நீளம் 70.6 மீட்டர், இறக்கை அகலம் 59.6 மீட்டர், மாடல் 35-க்கு 30 சென்டிமீட்டர்.

இந்தக் கடைசிக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வீட்டில் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள புத்தக அலமாரி இருந்தால், நேராக வைத்த 747-இன் மூக்கோ வாலோ ஐந்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வருகிறவர் தோள் பட்டு விழும் மாடல்கள் இவைதான். ஆகவே வாங்கும் முன் டேப் எடுத்து அலமாரியை அளந்துவிடுவோம்.

இடம் குறைவு என்றால் 1:400, 1:500 உண்டு. 1:500-இல் 747 வெறும் 14 சென்டிமீட்டர். ஆனால் அந்த அளவுகளில் கிடைப்பவை பெரும்பாலும் டைகாஸ்ட்தான்.

## எந்த விமானம்?

பிடித்ததை எல்லாம் வாங்கினால் பணமும் இடமும் சீக்கிரம் தீரும். ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு போவோம். மூன்று வழிகள் சொல்கிறேன்.

ஒரே நிறுவனத்தின் வரலாறு முதல் வழி. ஏர் இந்தியாவை எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்த முதல் சர்வதேச சேவைக்கு, 'மலபார் பிரின்சஸ்' என்ற லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். 1960-இல் போயிங் 707 வந்தது; அவற்றுக்கு நந்தாதேவி, அன்னபூர்ணா என்று இமயச் சிகரங்களின் பெயர். 1971-இல் 747 வந்தபோது பேரரசர்களின் பெயர். முதலாவது 'எம்பரர் அசோகா'. அந்த வரிசையில் 'எம்பரர் ராஜேந்திர சோழா', 'எம்பரர் மகேந்திர வர்மன்' என்ற பெயர்களும் பறந்தன. இளவரசி, சிகரம், பேரரசர் என்று மூன்றே மாடலில் ஒரு முழு வரலாறு. ஜன்னல்களைச் சுற்றிச் சிவப்பில் அரண்மனை வளைவுகள் தீட்டிய அந்த 747-தான் என் கண்ணுக்கு மிக அழகான விமானம். மாடலில் அந்த வளைவுகள் ஜன்னலோடு சரியாகப் பொருந்தி அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்தாலே தயாரிப்பின் தரம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, 'முதல்'களை மட்டும் சேர்ப்பது. முதல் ஜெட் பயணிகள் சேவை, 1952 மே 2, பிரிட்டனின் பிஓஏசி நிறுவனத்தின் காமெட். பிறகு ஒவ்வொரு விமானத்தின் முதல் சேவையும்: 1958 அக்டோபர் 26, நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தின் 707. 1970 ஜனவரி 22, அதே பான் ஆமின் 747. 1976 ஜனவரி 21, கான்கார்ட்.

மூன்றாவது, ஒரே விமானத்தின் பல வண்ணங்கள். கான்கார்ட் இதற்கு அருமையானது. லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் வழித்தடத்துக்காக ஒரு கான்கார்ட், இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணத்திலும் வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணத்திலும் பறந்தது. அந்த மாடல் கிடைத்தால் விடாதீர்கள். எந்தப் பக்கத்தை வெளியே காட்டுவது என்று வாரத்துக்கு ஒருமுறை திருப்பி வைக்கத் தோன்றும்.

எல்லாப் பழைய விமானமும் ஸ்நாப் ஃபிட்டில் கிடைத்துவிடாது. ஜம்போ ஜெட் எளிதில் கிடைக்கும். கான்ஸ்டலேஷன், காமெட் போன்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது அதே 1:200-இல் டைகாஸ்ட் தேட வேண்டும். முதல் மாடலாக 747-200 வாங்கலாம் என்பது என் யோசனை. பாகங்கள் பெரியவை, கைக்கு நன்றாக அடங்கும்.

## எவ்வளவு ஆகும்?

1:200 ஸ்நாப் ஃபிட் ஒன்றுக்கு, விமானத்தின் அளவைப் பொறுத்து, வெளிநாட்டுக் கடைகளில் ஏறத்தாழ 30 முதல் 70 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதே அளவில் டைகாஸ்ட் என்றால் 100 டாலரைத் தாண்டுவது சகஜம்.

இறக்குமதி என்றால் மாடல் விலையோடு கணக்கு முடியாது. அனுப்பும் செலவு, சுங்க வரி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். சில சமயம் இவை மாடலின் விலையை எட்டிப் பிடித்துவிடும். அதனால் முதலில் உள்நாட்டுக் கடையில் இருக்கிறதா என்று தேடுவோம். உள்நாட்டு விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அதுவே லாபம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி வைப்பது இன்னொரு வழி. ஆனால் பெட்டி பெரிது. அவர் சூட்கேஸில் இடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கருவிகளுக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். பழைய துண்டு ஒன்று, நகம் தேய்க்கும் மெல்லிய அரம், மென்மையான மேக்கப் பிரஷ், கொஞ்சம் போஸ்டர் ஒட்டும் களிமண். அலமாரிக்குத்தான் பணம் தேவைப்படும். முதல் இரண்டு மூன்று மாடல் வரை அதைத் தள்ளிப்போடலாம்.

## பூட்டுவது எப்படி?

மேசைமேல் துண்டை விரியுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கை பட்டால் வெள்ளை உடற்பகுதியில் கறை பிடிக்கும். பாகங்களை எல்லாம் எடுத்துத் துண்டின்மேல் விமான வடிவத்திலேயே பரப்புங்கள். பூட்டத் தொடங்கும் முன்பே ஏதாவது குறைந்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, இடது வலது. இறக்கையின் முளையிலோ அடிப்பகுதியிலோ எல், ஆர் என்று பொறித்திருக்கும். இல்லாவிட்டால், என்ஜின் தொங்குவது கீழ்ப்பக்கம், பின்னோக்கிச் சாய்வது இறக்கையின் திசை என்று வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

என்ஜின்கள் தனியாக வந்திருந்தால் அவற்றை இறக்கையில் முதலில் பூட்டுவோம். இறக்கையை உடலில் பூட்டிய பிறகு என்ஜினை அழுத்தினால் அந்த விசை முழுவதும் இறக்கையின் அடியில் போய் விழும். உள் என்ஜினும் வெளி என்ஜினும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றைத் தாங்கும் பகுதி வேறுபடலாம். அழுத்தாமல் வைத்துப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

பிறகு இறக்கைகள். இங்கேதான் நிதானம் தேவை. இறக்கையை நுனியில் பிடிக்கவே கூடாது. உடலோடு சேரும் அடிப்பகுதிக்கு அருகில் பிடிக்க வேண்டும். இன்னொரு கை உடற்பகுதியை அதே இடத்தில் தாங்கட்டும். நேராக, சீராக உள்ளே தள்ளுங்கள். ஆட்டி ஆட்டித் திணிக்காதீர்கள்.

முளை போகவில்லையா? பெரும்பாலும் துளைக்குள் பெயின்ட் தடிப்பாகப் படிந்திருக்கும். முளையின் பக்கங்களை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி முயலுங்கள். அவசரப்பட்டு ஓங்கி அழுத்தினால் முளை வெளுத்து, பிறகு முறியும். முறிந்த முளைக்கு மாற்று கிடைப்பது கஷ்டம்.

நேர்மாறாக லூஸாக இருந்தால், களிமண்ணில் கடுகளவு எடுத்து முளையில் வைத்துச் செருகினால் நின்றுவிடும்.

இறக்கைகள் முடிந்ததும் மாடலை மூக்குப் பக்கமாகக் கண்ணெதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்; 747 போன்ற பெரும்பாலான விமானங்களில் சற்று மேல்நோக்கியும் இருக்கும். அவற்றில் தொங்கினாற்போல் தெரிந்தால் இடமும் வலமும் மாறியிருக்கலாம்.

வால் பகுதிகளைக் கடைசியாகப் பூட்டுவோம். மெல்லியவை அவை, முன்பே பூட்டிவிட்டால் இறக்கையோடு போராடும்போது கை பட்டு உடையும். சக்கரங்கள் தனியாக வந்திருந்தால் இப்போது. ஸ்டாண்டின் முளையை வயிற்றுத் துளையில் செருகும்போது விமானத்தை இறக்கை சேரும் இடத்தில் பிடித்து மெல்ல இறக்குங்கள்.

## உஷார்

சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சுற்றியுள்ள பெயின்டில் வெண்படலமாகப் படிந்துவிடும். மறுபடி கழற்றவும் முடியாது.

ஸ்கேலே குறிப்பிடாமல் '16 சென்டிமீட்டர் உலோக மாடல்' என்று மலிவாக வருபவற்றில் எந்த விமானமும் அதே 16 சென்டிமீட்டர்தான். ஒரே அச்சில் வார்த்து வேறு வேறு வண்ணம் பூசியவையும் அவற்றில் உண்டு. பரிசாகக் கொடுக்கலாம், சேகரிப்புக்கு ஆகாது.

வண்ணம் சரியாக இருந்தும் விமானம் தவறாக இருக்கலாம். 1970-களின் வண்ணத்தில் ஒரு 747, இறக்கை நுனியில் மேல்நோக்கிய மடிப்போடு நின்றால் அது 747-400-இன் உடல். அந்த மடிப்பும் நீண்ட மேல்மாடியும் சேர்ந்து வந்தது பிற்காலத்தில். பிரானிஃப் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் வண்ணத்தில் கான்கார்ட் மாடல்களும் விற்பனைக்கு வருகின்றன. அந்த நிறுவனம் கான்கார்டை இயக்கியது உண்மை. ஆனால் அதன் வண்ணம் பூசிய கான்கார்ட் ஒன்றுகூடப் பறந்ததில்லை. தெரிந்து வாங்கினால் தவறில்லை.

பழைய மாடல் வாங்கும்போது முளைகளின் அருகாமைப் படம் கேளுங்கள். வெளுத்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். மஞ்சளித்த வெள்ளை பிளாஸ்டிக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

## வைப்பதும் பராமரிப்பதும்

நேரடி வெயில் படும் ஜன்னலோரம் கூடாது. வெள்ளை மஞ்சளாகிவிடும், சிவப்பு வெளிறும். கண்ணாடிக் கதவு உள்ள அலமாரி நல்லது. இடத்தை மிச்சப்படுத்த ஒரு மாடலைச் சக்கரத்தில் தாழ்வாகவும் அடுத்ததை ஸ்டாண்டில் உயரமாகவும் வைத்தால் இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். கான்கார்ட் எந்த இடைவெளியிலும் நுழைந்துகொள்ளும்.

தூசியை மேக்கப் பிரஷால் மூக்கிலிருந்து வால் நோக்கித் தட்டுங்கள். பிடிவாதமான கறைக்கு ஈரத் துணி போதும். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் அச்சிட்ட எழுத்து துணியோடு வந்துவிடும்.

பெட்டியை எறியாதீர்கள். வீடு மாறும்போது கழற்றி வைக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. விற்க நினைத்தாலும் பெட்டியோடு இருந்தால் நல்ல விலை போகும். வாங்கிய தேதி, கொடுத்த விலை, விமானத்தின் பதிவெண் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள். அடுத்த மாடல் எது என்று யோசிக்கும்போது அந்தச் சீட்டுகளைப் புரட்டினால், நம் வரிசையில் எந்த ஆண்டு விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.