ஒரு கட்டளை, இருபது போர்ட்டுகள்



'ஸ்விட்ச்' என்றதும் சுவரில் உள்ள மின்விளக்கு ஸ்விட்ச்தான் உங்கள் நினைவுக்கு வரும். நாம் படிக்கப்போவது வேறொன்று. கணினி அறையின் மூலையில் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் தட்டையான பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதுவே வலையமைப்பு ஸ்விட்ச். கேபிள் செருகும் ஒவ்வொரு துளையும் ஒரு 'போர்ட்'.

சிஸ்கோ நிறுவனத்தின் 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 20 வரை மாணவிகளின் கணினிகள். 21 முதல் 23 வரை காலி. 24-இல் அலுவலகத்தின் முதன்மை ஸ்விட்சுக்குச் செல்லும் கேபிள். புதிய ஸ்விட்சில் எல்லாப் போர்ட்டுகளும் 'விலேன் 1' என்னும் ஒரே குழுவில் இருக்கும். மாணவிகளின் கணினிகளும் மதிப்பெண் பதிவேடு உள்ள கணினியும் ஒரே குழுவில் இருப்பது நல்லதன்று. ஆகவே முதல் 20 போர்ட்டுகளையும் விலேன் 10-க்கு மாற்ற வேண்டும்.

ஒவ்வொன்றாக மாற்றினால், போர்ட்டின் பெயருக்கு ஒரு வரி, கட்டளைகளுக்கு மூன்று வரி என மொத்தம் 80 வரிகள் தட்ட வேண்டும். கை சோர்ந்தால் பிழை நுழையும். இதற்கு எளிய வழி உண்டு:

இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1 - 20
ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்செஸ்
ஸ்விட்ச்போர்ட் ஆக்செஸ் விலேன் 10
ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்

நான்கே வரிகள்! முதல் வரி 20 போர்ட்டுகளையும் ஒருசேர அழைக்கிறது. இரண்டாவது, இங்கே இணைவது கணினிதான் என்கிறது. மூன்றாவது குழுவைக் குறிக்கிறது. நான்காவது, இணைத்தவுடன் கணினி சுமார் 30 விநாடி காத்திருப்பதைத் தவிர்க்கிறது. காலை வணக்கக் கூட்டத்தில் ஓர் அறிவிப்புக்குப் பள்ளி முழுவதும் அசைவதைப் போன்றதே இது. போர்ட்டுகள் தொடர்ச்சியாக இல்லாவிட்டால், காற்புள்ளியிட்டு அடுத்த தொகுதியையும் சேர்க்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்விட்ச் இதை ஒரே வரியாகப் பதிந்துகொள்வதில்லை. ஒவ்வொரு போர்ட்டின் கீழும் தனித்தனியே எழுதிக்கொள்கிறது. ஆகவே நாளை ஒரு போர்ட்டை மட்டும் மாற்ற விரும்பினால் தடையில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. என் அனுபவத்தையே சொல்கிறேன். காலிப் போர்ட்டில் யாரும் கேபிள் செருகிவிடாதபடி அவற்றை மூடி வைப்பது வழக்கம். அலுவலகத்தில் அமர்ந்தபடியே, மாடியிலுள்ள ஸ்விட்சுக்கு வலையமைப்பு வழியாகக் கட்டளை கொடுத்தேன். '21 - 23' என்று எழுத வேண்டிய இடத்தில் '21 - 24' என எழுதி, 'ஷட்டவுன்' என்று தட்டிவிட்டேன். மறுகணமே திரை அசையவில்லை. நான் பேசிக்கொண்டிருந்த பாதையையே நான் மூடிவிட்டேன்! மாடியில் மாணவிகள் செய்முறைக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. படியேறி ஓடி, கன்சோல் கேபிளை நேரடியாகச் செருகி, 24-க்கு 'நோ ஷட்டவுன்' கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

அன்று கற்ற பாடங்கள் மூன்று. கட்டளைக்கு முன், எந்தப் போர்ட்டில் என்ன உள்ளது என்று தாளில் எழுதுங்கள். தொடக்கூடாததைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கட்டளைக்குப் பின், 'ஷோ விலேன் பிரீஃப்' என்று கேட்டுச் சரிபாருங்கள். எல்லாம் சரியென்று கண்ட பின்னரே 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' என்று சேமியுங்கள். சேமிக்காத தவறு, ஸ்விட்சை அணைத்து மீண்டும் இயக்கினால் மறைந்துவிடும். சேமித்த தவறு அப்படியே நிற்கும்.

ஒருவருக்குச் சொல்லும் தவறு ஒருவரோடு போகும். எல்லாருக்கும் சொல்லும் தவறு எல்லாரிடமும் போய்ச் சேரும். எனவே ஒரு கட்டளையால் வேலையைச் சுருக்குங்கள். யோசிக்கும் நேரத்தை மட்டும் சுருக்காதீர்கள்.

— கணினி ஆசிரியை