நந்தனாரும் கிந்தனாரும்

கேள்வி: ‘சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் பிற படங்களைப் பகடி செய்கிறார்களே, அத்தகைய வழக்கம் நம்மவரிடமும் உண்டா?
– ஒரு வாசகர், அடி அண்ணாமலை

பதில்: 1993-இல் வெளியான ‘கேப் ஃபியர்’ அத்தியாயத்தைத் தாங்கள் பார்த்திருக்கக் கூடும், ஒரு திகில் படத்தைப் பரிகசிக்கும் அதில், வில்லன் தரையில் கிடக்கும் தோட்டத்து வாரிகளை மிதிக்க மிதிக்க, கைப்பிடி எழும்பி முகத்தில் அறைய, ஒன்பது முறை முனகி நிற்கும் அந்த ஹாஸ்யம், கதையின் நீளம் போதாமற்போனதால் இழுத்து வளர்க்கப்பட்டது என்பதே திரைமறைவு ரகசியம்!

நம்மவரில் இக்கலையின் சிகரம் என நான் கருதுவது, 1949-இல் வந்த ‘நல்லதம்பி’யில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபமே. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை அடியொற்றி, சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கிய பக்தரின் ஸ்தானத்தில், படிப்புக்காகப் பட்டணம் போக ஏங்கும் கிந்தனை நிறுத்தி, பாகவதர்களின் பாவனை சற்றும் பிசகாமல் அவர் கதை சொல்லுகிற நேர்த்தி அலாதியானது. அதில் பக்தி நிந்தனை இல்லை. கிரிவலப் பாதையில் வசிக்கும் தங்கள் மனமும் நோகாது. ஆனால், நந்தனார் கதையை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு இதைக் கேளுங்கள். முறை மாறினால் பாதி ரசம் போய்விடும்.