சீமைக் கருவேலை அகற்றத் தக்க கருவி எது?

ஆரணி வட்டாரத்தில் ஏரிகளின் உட்புறத்திலும், கால்வாய்க் கரைகளிலும், தரிசாய் விடப்பட்ட புன்செய்களிலும் சீமைக் கருவேல் முளைத்து நிற்பதைக் காண்கிறோம். 1877-ஆம் ஆண்டையொட்டி, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விறகுக்காக இம்மரம் பயிரிடப்பெற்றது. இன்று இதனை அகற்றுதல் பஞ்சாயத்துகளின் பெருஞ்சுமையாகி விட்டது.

எந்த யந்திரம் சிறந்தது என்று வினவுவதற்கு முன், மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தரைமட்டத்தில் வெட்டினால் இம்மரம் மடிவதில்லை. மண்ணுக்குச் சற்றுக் கீழேயுள்ள வேர்க்கழுத்திலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் எழும். செலவிட்ட பணமும் வீணாகும். ஆகவே நமக்கு வேண்டுவது வெட்டும் கருவியன்று. வேர்க்கழுத்தோடு பெயர்க்கும் கருவியே ஆகும். நூலின் நயமறிந்து அச்சைத் தேர்வது நெசவாளர் வழக்கம். அதுபோல மரத்தின் பருமனறிந்து கருவியைத் தேர்தல் வேண்டும்.

விரற்பருமனுள்ள கன்றுகளுக்கு யந்திரம் வேண்டுவதில்லை. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் எளிதிற் பெயர்க்கலாம்.

மணிக்கட்டுப் பருமனுள்ளவற்றைச் சுற்றிலும் ஓர் அடி ஆழம் தோண்டி, பக்க வேர்களைக் கோடரியால் தறித்து, டிராக்டரில் சங்கிலி பூட்டி இழுக்கலாம். சங்கிலியை டிராக்டரின் தாழ்ந்த இழுவைக் கொக்கியிலேயே மாட்டுதல் வேண்டும். உயரமான இடத்தில் கட்டினால் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரின் உயிருக்கே கேடு விளையும்.

தொடைப் பருமனுக்கு மேற்பட்ட மரங்கள் நெருங்கி நிற்குமிடத்தில் பொக்லைன் யந்திரம் ஏற்றது. முள் டயரைக் குத்துமாதலின் சங்கிலிப் பட்டையில் நகரும் யந்திரம் மேலும் நலம். ஏரி வறண்டிருக்கும் கோடையில் இப்பணியைச் செய்க. மின்சாரத்தாலோ பெட்ரோலாலோ இயங்கும் ரம்பம், சாய்ந்த மரத்தைத் துண்டுபோடுவதற்கே பயன்படும்.

வாடகை பேசுமுன் கணக்கெடுத்தல் இன்றியமையாதது. ஓர் ஏக்கரில் 5 சென்ட் நிலத்தை அளந்து, மூவகைப் பருமனுள்ள மரங்களையும் தனித்தனியே எண்ணி, 20-ஆல் பெருக்குக. பின்னர் யந்திரத்தை ஒரு மணி நேரம் வேலை வாங்கி, வேரோடு வந்தவற்றை மட்டும் எண்ணுக. மணிக்கு இவ்வளவு என்ற வாடகையைவிட, மரம் ஒன்றுக்கு என்ன செலவு என்பதே மெய்யான கணக்கு. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை யந்திரங்களையும் விசாரித்து ஒப்பிடலாம்.

ஏரிக்கரையில் மட்டும் பெரிய யந்திரத்தை விடலாகாது. வேர் பெயர்ந்த குழி நீர்க்கசிவுக்கு வழியாகி, மழைக்காலத்தில் கரையையே உடைக்கக்கூடும். அங்குக் கைக்கருவியால் வேர்க்கழுத்தை அகற்றி, களிமண் இட்டு இறுகத் திமிசு போடுதல் வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத்துறையைச் சார்ந்தவை. முன்னதாக அதன் அனுமதி பெறுக.

வெட்டிய மரம் விறகாகவும் கரியாகவும் விலைபோகும். பொது நிலத்து மரத்தை முறைப்படி ஏலமிட்டால் செலவில் ஒரு பகுதி மீளும். காய்களைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே விதை பரவுமாதலின், காய் முற்றுமுன் வேலையை முடித்தல் நன்று. அடுத்த இரண்டு மழைக்காலங்களிலும் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குவதற்கென ஆட்கூலியை இப்பொழுதே திட்டத்தில் ஒதுக்கிவிடுங்கள். அவ்வாறு செய்த ஏரியே மீண்டும் முட்காடாகாமல் நீர்நிலையாக நிற்கும்.