இடிக்கச் சொன்ன கட்டடம்

அன்புள்ள கவின்,

பத்து டாலர் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது கோயிலா என்று கேட்டிருந்தாய். அது வாஷிங்டனில், வெள்ளை மாளிகைக்கு அடுத்தாற்போல் நிற்கும் அமெரிக்கக் கருவூலக் கட்டடம். கிரேக்கர்களைத் தங்கள் முன்னோடிகளாக நினைத்த புதுக் குடியரசு, கணக்குப் பிள்ளைகள் உட்காரும் அலுவலகத்துக்கும் கோயில் முகப்பே வைத்துக்கொண்டது. கிழக்குப் பக்கம் 30 அயோனிக் தூண்கள். தலைப்பில் இருபுறமும் சுருள். ஒவ்வொன்றும் 36 அடி உயரம், ஒரே கல்லில் செதுக்கியது. முதலில் நின்றவை மணற்கல் தூண்கள். அவை அரித்துப்போகவே, 1908இல் கிரானைட் வந்தது.

தூண்கள் போதும். எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் கூரை.

பழைய கருவூலத்தை 1814இல் ஆங்கிலேயப் படை கொளுத்தியது. அடுத்தது 1833இல் எரிந்தது. ஓய்வூதிய மோசடியைக் காட்டிக்கொடுக்கும் காகிதங்களை ஒழிக்க வைத்த தீ அது; பின்னால் வழக்கு நடந்து ஒருவன் சிறைக்குப் போனான். 1836இல் புதிதாகக் கட்டத் தொடங்கிய ராபர்ட் மில்ஸ், அதனால்தான் மரக்கூரையே வேண்டாமென்று அறைக்கு அறை செங்கல் வளைகூரை எழுப்பினார். ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குத் தாவக் கூடாது.

வளைவில் ஒரு சிக்கல் உண்டு. உத்தரம் பாரத்தை நேரே கீழே இறக்கும். வளைவோ சுவரைப் பக்கவாட்டிலும் தள்ளும். அடுத்தடுத்த வளைவுகள், முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தவர்களைப் போல ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். கடைசி அறையின் வெளிச்சுவருக்குத்தான் துணை இல்லை. 1838இல் கட்டடத்தை ஆய்வு செய்த தாமஸ் வால்டர் இதைப் பிடித்துக்கொண்டார். சுவர் தாங்காது, இடித்துவிடுங்கள் என்று அறிக்கை கொடுத்தார். மில்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. ஈரத்திலும் இறுகும் சிமென்ட்டில் கட்டியிருப்பதால் வளைவு முழுவதும் ஒரே கல்லாகிவிடும், அவ்வளவாகத் தள்ளாது என்று வாதாடினார். இடிக்கும் முயற்சி காங்கிரஸில் தோற்றது. 1842இல் வேலை முடிந்தது. சுவர் இன்றும் நிற்கிறது. கேள்வி கேட்டதற்காக வால்டரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

1850களில் இடம் போதாமல் புதுப் பகுதிகள் சேர்த்தார்கள். அங்கே இரும்பு உத்தரங்களும் அவற்றுக்கிடையே தாழ்வான செங்கல் வளைவுகளும் வந்தன. வேலை பலர் கைமாறி 1869இல்தான் முடிந்தது. அந்த விரிவாக்கத்துக்கு முதல் வரைபடம் போட்டுக் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே வால்டர்.

அன்புடன்,
சித்தப்பா