கைப்பிடியின் கதை

கவ்வாத்துக் கத்தியின் கூர்மையை நாம் போற்றுகிறோம். அதன் பிடியை எண்ணிப் பார்த்ததுண்டா? பிடி நழுவினால் வெட்டுப்படுவது பிடித்த கையே அன்றோ! படைக்கலம் செய்தோர் இதனை நன்கறிந்திருந்தனர்.

இடைக்கால ஐரோப்பிய வாளில், பிடியும் அலகும் சேருமிடத்தில் குறுக்குக் கம்பி உண்டு. அது பகைவன் வாள் விரலில் படாமல் தடுத்தது. பிடியின் முனையிலிருந்த குமிழ், வாள் கைநழுவாமல் காத்தது.

கட்டாரிக்கோ இரு கம்பிகளின் நடுவே குறுக்காகப் பிடி அமைந்திருக்கும்; கைமுட்டியை மடக்கி நேரே குத்தலாம். பழைய தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் புறங்கையை மூடும் தகடும் உண்டு.

மலாய்க்காரரின் கிரிஸ் பிடி வளைந்திருக்கும். அதில் ஒருவகை, காய்ச்சலில் கைகட்டிக் குனிந்தவனை ஒத்திருப்பதால் 'ஜாவா டெமாம்' எனப்படும்.

வடிவங்கள் பல, நோக்கம் ஒன்றே. கூர்மை பகைவனுக்கு, பிடி நமக்கு. ஆகவே, கத்தியைத் தீட்டுமுன் பிடியை இறுக்குக!