தண்டல் கணக்குத் தெரிந்தால் வேலை உங்களுக்கு

மயிலாப்பூர், அடையாறு பக்கம் வீட்டுவேலை செய்யும் பெண்கள், மீனவக் குடும்பங்கள், தனியாக வாழும் முதியவர்களுக்காக இயங்கும் தொண்டு நிறுவனத்தில் நிதி விழிப்புணர்வு டிரெய்னர் வேலைக்கு முயல்கிறீர்களா? எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்கள் நிறையப் பேர் போட்டிக்கு வருவார்கள். பணம் பற்றிய கேள்விக்கு யார் அங்கேயே சரியாகப் பதில் சொல்கிறாரோ, அவருக்குத்தான் வேலை.

1. இலவச மெட்டீரியலைக் கரைத்துக் குடியுங்கள். ரிசர்வ் வங்கியின் ‘ஃபேம்’ கையேடு, மோசடி வகைகளை விளக்க அதே வங்கி 2022-ல் வெளியிட்ட ‘பி அவேர்’, தேசிய நிதிக் கல்வி மையத்தின் பாடங்கள் போதும். ஸ்லைடு போட்டு வாசிக்காதீர்கள். ஒரு செஷனுக்கு ஒரே விஷயம்.

2. தண்டலில், அதாவது தினமும் வசூலிக்கும் கடனில், தொடங்குங்கள். மீனவர்கள் வாழும் நொச்சிக்குப்பத்தில் போய் “சேமியுங்கள்” என்றால் யாரும் உட்கார மாட்டார்கள். சீட்டும் நகையுமாக அவர்கள் ஏற்கெனவே சேமிக்கிறார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருகிறார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும் என்று வையுங்கள். கேட்க 15 சதவீதம் போலத் தெரியும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். அதே கூட்டத்தில் நகை அடகு வட்டியையும் பக்கத்தில் எழுதுங்கள். மற்றதை அவர்களே பேசுவார்கள்.

3. மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள்: எந்தச் சட்டத்தில் பதிவு? யார் கண்காணிப்பு? டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டா? மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-ல் தொடங்கியது. அத்தனை பழைய பெயரை நம்பித்தான் முதியவர்கள் பணம் போட்டார்கள். பணம் திரும்பவில்லை என்ற புகாரில் 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இந்த ஃபண்ட் போன்ற நிதி நிறுவனத்துக்கு அது இல்லை, தி.நகர் நகைச்சீட்டுக்கும் இல்லை. வயதானவர்கள் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் எழுந்து வராதீர்கள்.

4. எந்த பாலிசியையும் விற்காதீர்கள். ஏஜென்ட்கள் கமிஷனோடு வருவார்கள். ஒருமுறை கமிஷன் வாங்கினால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இந்த வட்டாரத்தில் அடுத்த வேலையும் போகும்.

5. சைபர் மோசடிக்கு 1930, வங்கி மீதான புகாருக்கு ரிசர்வ் வங்கியின் 14448: இரண்டும் நுனிநாக்கில் இருக்கட்டும். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் திட்டத்தில் பிரீமியம் கழிந்ததா என்று பாஸ்புக்கில் தேடிப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். பலருக்குத் தாங்கள் அதில் சேர்ந்திருப்பதே தெரியாது. குடும்பத்துக்குத் தெரியாவிட்டால் க்ளெய்ம் கேட்க ஆளிருக்காது.

6. ரெஸ்யூமேயில் “இத்தனை பேருக்குப் பயிற்சி” என்று மட்டும் எழுதினால் ஃபண்ட் தருகிறவர் அசைய மாட்டார். எத்தனை பேர் ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கினார்கள், எத்தனை பேர் தண்டலை அடைத்தார்கள், எத்தனை க்ளெய்ம் கைக்கு வந்தது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டுக் குறித்து வையுங்கள். பெயரும் பாஸ்புக் போட்டோவும் அந்த ஃபைலில் இருக்கக் கூடாது. சம்பளம் பேசும்போது அந்த ஃபைலை மேஜைமேல் வையுங்கள்.